கரண்ட் வைத்தால் எச்சில் வற்றிவிடுமா, டாக்டர்?

வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோயாளியின் மகளோ மனைவியோ எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எட்டுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நம் ஊரில் இதற்குக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் பெயர், வார்டில் நானும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் அந்தப் பெயரால் பயந்துபோய் ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. ஷாக் அடிக்காது, சூடு தெரியாது. எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரியாதோ அப்படித்தான்.

அப்பாவுக்கு வயது 61. இடது கன்னத்தில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம் ஆகிறது. முப்பது கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். முப்பது வருடம் முன்பு பெரியப்பாவுக்கும் இதே சிகிச்சைதான். கழுத்தெல்லாம் கருகி, எச்சில் வற்றி, கடைசி வரை ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினார். அதைக் கூடவே இருந்து பார்த்தவர் என்பதால் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். — ஒரு மகள், கரூர்

அப்பா பயப்படுவதில் தப்பே இல்லை, அவர் பார்த்தது உண்மை. பெரியப்பாவுக்குக் கொடுத்தது அநேகமாகக் கோபால்ட் மெஷினாக இருக்கும். நான் படித்த காலத்தில் அதில்தான் வேலை கற்றுக்கொண்டேன். முகத்தின் வலது பக்கம் ஒரு சதுரம், இடது பக்கம் ஒரு சதுரம், இரண்டு பக்கமிருந்தும் கதிரை நேராக விடுவோம். நடுவில் எது இருந்தாலும் அதற்கும் முழு அளவு போய்ச் சேரும். காதுக்கு முன்னால் இருபுறமும் இருக்கிற பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டும் அந்தச் சதுரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவை செத்துப்போனால் திரும்ப வருவதில்லை. கோபால்ட் கதிரின் பலம் தோலுக்கு அரை சென்டிமீட்டருக்குள்ளேயே உச்சத்துக்கு வந்துவிடும் என்பதால் தோலும் அதிகம் கருகியது.

இப்போது பெரும்பாலான இடங்களில் லினாக் என்ற மெஷின். அதன் வாயில் டங்ஸ்டன் உலோகத்தில் செய்த மெல்லிய தகடுகள், பல மெஷின்களில் 120 தகடுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். பல கோணங்களிலிருந்து, ஒவ்வொரு கோணத்திலும் ஒரு பகுதிக்கு அதிகம், ஒரு பகுதிக்குக் குறைவு என்று கதிரைப் பிரித்துக் கொடுக்க முடியும். இதைத்தான் ஐ.எம்.ஆர்.டி. என்கிறோம், மெஷின் தலையைச் சுற்றி ஓடிக்கொண்டே கொடுத்தால் வீமேட். முன்பெல்லாம் நாங்கள் படத்தில் கோடு போட்டுவிட்டு எதற்கு எவ்வளவு போகிறது என்று பிறகு கணக்குப் பார்ப்போம். இப்போது தலைகீழ். கதிரின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்வோம். 'கட்டி இருந்த இடத்துக்கு 60 கிரே வேண்டும், உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேவைத் தாண்டக் கூடாது, தண்டுவடத்தைத் தொடாதே' என்று முதலில் சொல்கிறோம், அதற்கு வழி கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர். அந்த 26-க்குள் நின்றுவிட்டால் சுரப்பி ஒன்றிரண்டு வருடத்தில் பெருமளவு மீண்டுவிடும்.

பிரிட்டனில் பார்ஸ்போர்ட் என்று ஒரு ஆய்வு, 2011-இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் கதிர்வீச்சு பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு வாய் கஷ்டப்படும் அளவு வறண்டிருந்தது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் 38 சதவீதம். பாதியாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பூஜ்யம் ஆகவில்லை, அதையும் சேர்த்தே அப்பாவிடம் சொல்லுங்கள். அவருக்கு ஒரு சாதகம் உண்டு: கட்டி இடது கன்னத்தோடு நின்றிருந்தால், எதிர்ப்பக்கக் கழுத்துக்குக் கதிர் தேவையா என்பதே பல சமயம் கேள்விதான். இடப்பக்கம் மட்டும் போதும் என்று டாக்டர் முடிவு செய்தால் வலது சுரப்பி கிட்டத்தட்ட முழுசாகத் தப்பிவிடும். போனதும் இதை நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கியாக வேண்டும். நான்கு வாரம் ஏற்கெனவே போய்விட்டது, முகத்தை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டம் போட ஒரு வாரம் எடுக்கும். அப்பாவைச் சமாதானப்படுத்த உங்களுக்கு இருப்பது இந்த வாரம்தான்.

கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேத்தியைத் தூக்கலாமா? பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது என்று மருமகள் சொல்கிறாள். — பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

தாராளமாகத் தூக்குங்கள். மெஷின் நின்ற நொடியே கதிரும் நின்றுவிடும், உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் கதிர் வீசும் அயோடின் மருந்து குடிக்கிறவர்கள் சில நாள் தள்ளி இருக்க வேண்டும். மருமகள் அதை யாரிடமோ கேட்டிருப்பார், அது வேறு சிகிச்சை.

என் கணவருக்கு நாக்கின் அடியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. சென்னையில் புரோட்டான் என்று ஒரு சிகிச்சை இருக்கிறதாம், பக்க விளைவே கிடையாதாம். ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, விற்றால் கட்டிவிடலாம். விற்கட்டுமா? — ஒரு வாசகி, தேனி

அம்மா, அவசரப்பட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள். புரோட்டான் பொய்யில்லை, நல்ல தொழில்நுட்பம். எக்ஸ்ரே கதிர் உடம்புக்குள் நுழைந்தால் மறுபக்கம் வெளியே போகும் வரை வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே போகும். புரோட்டான் துகள் குறிப்பிட்ட ஆழம் வரை போய், அங்கே பெரும்பகுதியை இறக்கிவிட்டு நின்றுவிடும், தாண்டிப் போகாது. சென்னை தரமணியில் அப்போலோ மையம் 2019-இல் தொடங்கியது, பிறகு நவி மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த மையத்திலும் வந்திருக்கிறது. மண்டையோட்டின் அடித்தளம், மூக்குக்குப் பின்னால், கண்ணை ஒட்டிய சைனஸ், குழந்தைகள், ஏற்கெனவே ஒருமுறை கதிர் வாங்கிய இடத்திலேயே மறுபடி கொடுக்க வேண்டிய நிலை, இங்கெல்லாம் புரோட்டான் கிடைத்தால் நான் அனுப்பிவைப்பேன், தயங்க மாட்டேன்.

ஆனால் உங்கள் கணவருக்கு? டான்சில், நாக்கின் வேர்ப்பகுதிப் புற்றுநோய்க்கு ஐ.எம்.ஆர்.டி.யோடு புரோட்டானை நேருக்கு நேர் வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை முன்னின்று நடத்தியதில் நோய் திரும்பாமல் இருப்பது மூன்று வருடத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். சாப்பாடு செலுத்தக் குழாய் போட வேண்டிவந்தது 42 சதவீதத்திலிருந்து 28-ஆகக் குறைந்தது, அது நல்ல லாபம்தான். பிரிட்டனில் நடந்த டார்பிடோ ஆய்விலோ, ஒரு வருடம் கழித்து நோயாளிகள் தாங்களே சொன்னதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு நாட்டிலும் ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எச்.பி.வி. வைரஸால் வந்த நோய். நம் ஊரில் புகையிலை, பாக்கு, ஹான்ஸ் அடக்கி வருகிற வாய்ப் புற்றுநோய் வேறு சாதி. இந்திய ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான், அதில் புரோட்டான் உயிரைக் காக்கும் என்று காட்டிய பெரிய ஆய்வு எதையும் வைத்து நான் உங்களிடம் நிலத்தை விற்கச் சொல்ல முடியாது.

'பக்க விளைவே கிடையாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புரோட்டானிலும் வாய் புண்ணாகும், தோலும் சிவக்கும்.

நல்ல ஐ.எம்.ஆர்.டி. இப்போது மதுரை, கோவை, நெல்லை அரசு மருத்துவமனைகளில்கூட லினாக் வந்தபிறகு எட்டாத ஒன்றில்லை. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, கதிர்வீச்சும் அதில் வரும்; கார்டும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையில் இருக்கிற காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள். நிலம் விற்க ஆள் தேடி, பத்திரம் முடித்து, பணம் புரட்டி, அதற்குள் ஒன்றரை மாதம் போய்விடும் என்பதுதான் எனக்குக் கவலை. அந்த ஒன்றரை மாதம் அவருக்குச் செய்கிற கெடுதலை எந்த மெஷினாலும் சரிசெய்ய முடியாது.

முப்பத்தைந்தில் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. ஊரில் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், நான்தான் முன்னின்று செய்ய வேண்டும். ஒரு வாரம் போய்விட்டு வந்து மிச்சத்தை வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும் இல்லையா? — ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

ஆகாது ஐயா. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மொத்தம் 70 கிரேவை 35 பங்காகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை, ஏழு வாரம் கொடுக்கிறோம். பிரித்துக் கொடுப்பதற்குக் காரணம், நல்ல செல் ஒரு நாளில் தன்னைச் சரிசெய்துகொள்ளும், புற்றுநோய் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. ஆனால் மூன்று நான்கு வாரம் ஆனதும் தப்பிப் பிழைத்த புற்றுநோய் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. வெட்டிவிட்ட கருவேலம் மழை பெய்ததும் துளிர்ப்பதுபோல. நீங்கள் ஊருக்குப் போகிற வாரத்தில் அவை லீவு போடுவதில்லை. திட்டமிட்டதைவிட ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டியை அடக்கும் வாய்ப்பு சுமார் 1.4 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழு நாளுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பெரிய மெஷின், விலை உயர்ந்த ஊசி என்று எத்தனையோ பண்ணி நாங்கள் கூட்டுகிற லாபம் இந்த அளவுதான் இருக்கும். தொண்டைப் புற்றுநோயில் கதிரோடு கீமோவும் சேர்ப்பதால் ஐந்து வருடத்தில் உயிர் பிழைப்பவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுகிறார்கள், அதற்காகத்தான் அவ்வளவு வாந்தியையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இதை மறுபக்கமாகவும் நிரூபித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் அதே 33 அல்லது 34 கரண்டை வாரத்துக்கு ஐந்துக்குப் பதில் ஆறாக வைத்தார்கள், ஒரு வாரம் முன்னதாக முடிந்தது, ஒரு பைசா மருந்து கூடவில்லை. 2003-இல் வந்த அந்த முடிவில், கட்டி அடங்கியது 60 சதவீதத்திலிருந்து 70-ஆக உயர்ந்தது. பணக்கார நாட்டில் நடந்தது, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பார்கள் அல்லவா, அதற்காகவே சர்வதேச அணுசக்தி முகமை ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா உட்பட ஒன்பது மையங்களில் 900-க்கு மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்தது, அங்கே 30 சதவீதத்திலிருந்து 42. பலருக்குக் கோபால்ட் மெஷினில்தான் கொடுத்தார்கள். பழைய மெஷின்தான், நாள் தவறவில்லை, பலன் கூடியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது.

பண்டிகை லீவு, மெஷின் ரிப்பேர் என்று எங்கள் பக்கம் நாள் விட்டுப்போவதும் உண்டு, அப்போது சனிக்கிழமை கூப்பிட்டோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைத்தோ ஈடுகட்டுவோம். நீங்களாக ஒரு வாரம் போய்விட்டால் அதை ஈடுகட்டுவது கஷ்டம். கும்பாபிஷேகம் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளி கரண்ட் முடித்துப் போய், திங்கள் காலை திரும்பி வந்துவிடுங்கள். வேறு நாள் என்றால் தம்பியையோ மகனையோ முன்னிற்கச் சொல்லுங்கள். அப்புறம், பீடி. 1993-இல் கனடாவில் வந்த ஆய்வில், சிகிச்சை நடக்கும்போது புகைப்பதை நிறுத்தியிருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தது, புகைத்தவர்களில் 45 சதவீதம்தான். கடிதத்தில் நீங்கள் புகைப்பதாக எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கரண்ட் ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து பல் பிடுங்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுதான் ஆடுகிறது. — ஒரு வாசகர், ஆம்பூர்

பிடுங்கிவிடுங்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், பிற்பாடு அந்த இடத்தில் பல் எடுத்தால் புண் ஆறாமல் எலும்பே வெளியே தெரிகிற அளவுக்குப் போகலாம். வருடங்கள் கழித்தும் போகலாம். முன்கூட்டி எடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், அதற்குள் மாஸ்க், ஸ்கேன் வேலையும் ஓடும். மிச்சப் பற்களுக்கு ஃபுளோரைடு ஆயுசுக்கும் போட வேண்டும். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். எதிர்காலத்தில் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, 'எனக்குத் தாடையில் கரண்ட் வைத்திருக்கிறது.'

குரல்வளையில் புற்றுநோய். ஒரு டாக்டர் எடுத்துவிட வேண்டும் என்கிறார், இன்னொருவர் கரண்டிலேயே பார்க்கலாம் என்கிறார். நான் பள்ளி ஆசிரியை. — ஒரு வாசகி, விழுப்புரம்

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம், டீச்சர், ஸ்கேனில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து. குரல்நாணில் மட்டும் ஆரம்ப நிலையில் இருந்தால் கதிர்வீச்சு மட்டுமே போதும், பத்துப் பேரில் ஒன்பது பேர் வரை குணமாகி அதே குரலில் பேசுவார்கள். லேசர் ஆபரேஷனும் அதற்குச் சமமான வழி. கொஞ்சம் முற்றியது என்றாலும் முன்பு நேராக எடுத்துவிடுவதுதான் வழக்கம். 1991-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 பேரிடம் நடந்த ஆய்வு அதை மாற்றியது. கீமோவும் கதிரும் பெற்றவர்களும், குரல்வளையை எடுத்துவிட்டவர்களும் இரண்டு வருடத்தில் ஒரே அளவில் உயிரோடு இருந்தார்கள், 68 சதவீதம், முதல் பிரிவில் 64 சதவீதம் பேர் குரல்வளையோடே இருந்தார்கள்.

ஆனால் கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்டதா, குடிக்கிற தண்ணீர் இப்போதே மூச்சுக் குழாய்க்குள் போகிறதா, இவை இருந்தால் எடுப்பதுதான் நல்லது. வேலை செய்யாத குரல்வளையைக் காப்பாற்றி வைத்து என்ன பயன்? எடுத்த பிறகும் சின்ன வால்வு பொருத்திப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டு டாக்டர்களையும் தனித்தனியாகப் பார்க்காமல், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிற டியூமர் போர்டு உள்ள மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள்.

மாமாவுக்குக் கிட்னி பலவீனம், காதும் மந்தம். அதனால் கரண்டோடு கொடுக்கிற ஊசி போட முடியாது என்றுவிட்டார்கள். வெறும் கரண்ட் போதுமா? — ஒரு வாசகர், திருச்சி

அந்த ஊசி சிஸ்பிளாட்டின். கிட்னியையும் காதையும் பாதிக்கும், நிறுத்தியது சரிதான். பல வருடம் இப்படிப்பட்டவர்களுக்கு உறுதியான மாற்று இல்லாமல் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை அதற்கு ஒரு வழி காட்டியது: வாரம் ஒருமுறை குறைந்த அளவில் டோசிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2023-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றதில் 41.7 சதவீதம், டோசிடாக்சல் சேர்த்ததில் 50.8. விலையும் எட்டக்கூடியதுதான். வாய்ப்புண் கூடுதலாக வரும், அதைத் தாங்கும் உடம்பா என்று பார்க்க வேண்டும். மாமாவுக்கு 70 தாண்டியிருந்தால் கீமோவின் லாபமே குறைந்துகொண்டு வரும், அப்போது வெறும் கரண்டை நாள் தவறாமல் முடிப்பதே நல்ல சிகிச்சை.

இருபதாவது கரண்ட். கணவருக்கு வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, ஐந்து கிலோ குறைந்துவிட்டார். மாஸ்க் லொடலொடவென்று ஆகிவிட்டது. மூக்கில் குழாய் போடலாம் என்றால், 'குழாய் போட்டால் முடிந்தது என்று அர்த்தம்' என்று அழுகிறார். பத்து நாள் நிறுத்திவிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டுமா? — ஒரு மனைவி, சங்கரன்கோவில்

நிறுத்தாதீர்கள். அருப்புக்கோட்டைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொடங்குகிற புண் இப்போது உச்சத்தில் இருக்கிறது, முடிந்தபிறகும் இரண்டு மூன்று வாரம் இருக்கும், பிறகு ஆறும். ருசி திரும்ப மாதங்கள் ஆகும். இதெல்லாம் சிகிச்சையின் போக்கு, நோய் முற்றியதற்கு அடையாளமில்லை.

வலிக்குப் பயந்துதான் பலர் சாப்பிடுவதில்லை. மார்பின் மாத்திரையோ சிரப்போ கேட்க வெட்கப்படாதீர்கள், டாக்டர் சொல்கிற அளவில் எடுத்தால் அடிமை ஆக மாட்டார். சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் ஜெல் உண்டு. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து இரண்டு மணிக்கொருமுறை கொப்பளிக்கட்டும். கடையில் விற்கிற எரிகிற மவுத்வாஷ் வேண்டாம். சில மையங்களில் வாய்க்குள் குறைந்த சக்தி லேசர் காட்டுகிறார்கள், புண்ணைக் குறைப்பதாக நிரூபணமான ஒன்று, உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். புளி, மிளகாய், ரசம் எல்லாம் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு ராகிக் கூழ், பருப்பும் நெய்யும் சேர்த்துக் குழைத்த சாதம், பால், மிக்சியில் அடித்த வாழைப்பழம், அரைவேக்காடு இல்லாமல் நன்றாக வெந்து மசித்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக எட்டு வேளை கொடுங்கள்.

மாஸ்க் லொடலொடப்பது சின்ன விஷயமில்லை. அது முகத்தை மில்லிமீட்டர் கணக்கில் அசையாமல் பிடிப்பதற்காகச் செய்தது. மெலிந்தால் உள்ளே முகம் ஆடும், உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுருங்கி அதிகக் கதிர் போகிற பக்கம் நகரும். மெஷினிலேயே எடுக்கிற ஸ்கேனில் இதைப் பார்த்து, தேவைப்பட்டால் புது மாஸ்க், புதுத் திட்டம் போடுவார்கள். எல்லோருக்கும் வாராவாரம் புதுத் திட்டம் போட்டால் எச்சில் மிஞ்சுமா என்று பிரான்சில் பார்த்தார்கள், பெரிய பலன் இல்லை. ஆனால் உங்கள் கணவர் போல ஐந்து கிலோ இறங்கியவருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். டெக்னீஷியனிடம் 'மாஸ்க் லூசாக இருக்கிறது' என்று நீங்களே சொல்லுங்கள், படுத்திருப்பவர் சொல்ல மாட்டார்.

குழாய் விஷயம். என் வார்டில் குழாய் போட்டு, நாள் தவறாமல் முடித்து, இரண்டு மாதத்தில் கழற்றிவிட்டு, அடுத்த வருடம் வந்து இட்லி சாப்பிட்டதைச் சொன்னவர்கள் பலர். அவருக்கு உயிர் போகிறது என்பதற்காக அல்ல, மிச்சமிருக்கிற கரண்டுகளை விடாமல் முடிப்பதற்காகத்தான் குழாய். போட்ட பிறகும் தினமும் இரண்டு மூன்று மடக்குத் தண்ணீராவது வாயால் விழுங்கப் பழக்குங்கள், விழுங்கும் தசைகள் சும்மா இருந்தால் இறுகிவிடும். தாடையும் அப்படித்தான், ஐஸ் குச்சிகளை அடுக்கி வாயைத் திறக்கும் பயிற்சியைப் பிசியோவிடம் கற்றுக்கொள்ளுங்கள். நாளைக் காலை கரண்டுக்குப் போகும்போது மெஷின் அறைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள், எடை எவ்வளவு குறைந்தது, மாஸ்க், குழாய், இந்த மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு.